குளம் வேண்டுமென்றால் அஸ்திவாரத்தின்போதே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தோட்டத்தில் நீரூற்று, செயற்கை அருவி, அல்லிக் குளம் எல்லாம் அமைப்பது பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படங்களைச் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டு, வீடு முடிந்து பால் காய்ச்ச நாளும் குறித்த பிறகு, "மேஸ்திரி, இந்த மூலையில இது மாதிரி ஒண்ணு கட்டிக் குடுத்துருங்க" என்று வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்கிறவன் நான். கட்டுரையில் விட்டுப்போன பாதி எங்கள் பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் வீடு கட்டும் மேஸ்திரி. திருப்பாலை, ஐயர்பங்களா, நாகமலை புதுக்கோட்டை என்று ஊரின் ஓரங்களில்தான் பெரும்பாலும் வேலை. எல்லாம் மூன்று சென்ட், நாலு சென்ட் மனைகள். மூன்று சென்ட் என்றால் சுமார் 1,300 சதுர அடி. அதில் வீடு போக, கார் நிற்க இடம், பக்கத்தில் ஆள் போகச் சந்து, செப்டிக் டேங்க், சம்ப், போர் எல்லாம் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அந்த மிச்சத்தையும் கேட் வரைக்கும் பேவர் பிளாக் போட்டு மூடச் சொல்கிறார்கள், நாங்களும் மூடிக் கொடுக்கிறோம். பால் காய்ச்சும் வாரத்தில்தான் தோட்ட ஆசை வருகிறது. அப்போது காலியாகக் கிடப்பது ஏசி வெளிப்பெட்டியின் சூடு அடிக்கிற மூலை ஒன்றுதான்.

அந்த மூலையில் தொட்டி கட்டினால் அல்லி பூக்க வெயில் கிடையாது. நிரம்பினால் தண்ணீர் வெளியேற வழி கிடையாது. பம்புக்கு வயர் இழுக்க வேண்டுமென்றால் நேற்றுப் பெயிண்ட் அடித்த சுவரைக் கொத்த வேண்டும். சரி, வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார் என்று ஒரு ஃபைபர் பாறையை வாங்கி வைத்து, மோட்டாரை மாட்டி, போர் தண்ணீரை ஊற்றி விட்டுவிடுவார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் அதில் துடைப்பமும் மாப்பும் சாய்ந்து நிற்கும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கருங்கல் ஒட்டிய அருவிச் சுவரில் அது வழிந்து காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் உப்போடு சேர்ந்து கல்லின் மினுமினுப்பும் போய்விடும்.

குளமோ, தொட்டியோ, எது வேண்டுமென்றாலும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே வரைபடத்தில் இடம் குறியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. செடி பிறகு வாங்கிக்கொள்ளலாம், பாறை பிறகு வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் எங்கே விழுந்து எந்தப் பக்கம் ஓடி எங்கே போய் நிற்கிறது என்பதைப் பிறகு மாற்ற முடியாது. மாற்றலாம்தான், ஆனால் அதற்கு ஆகிற காசில் இன்னொரு அறை எடுத்துவிடலாம்.

மதுரைக்காரர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. திருமலை நாயக்கர் மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தைத்தான் வண்டியூர் தெப்பக்குளமாக ஆக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே அவர் கட்டிய புது மண்டபத்தைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம் உண்டு. வைகாசி வசந்த உற்சவத்தில் அதில் தண்ணீர் நிறுத்தி, நடுவே சுவாமியை எழுந்தருளச் செய்வது வழக்கம். வெயில் காலத்தில் கல் மண்டபம் குளிர வேண்டும் என்பதுதான் கணக்கு. பல வருஷம் தையல் கடையும் புத்தகக் கடையும் பாத்திரக் கடையுமாக அடைத்துக் கிடந்ததால் நம்மில் நிறையப் பேருக்கு அது எதற்கு என்றே தெரியாமல் போய்விட்டது.

மனை வாங்கியதும் ஒரு நல்ல மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று பாருங்கள். தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறதோ அதுதான் பள்ளம். மழைக்குக் காத்திருக்க முடியாதென்றால் ட்யூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் ரோடு போடும் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிடுவதால் ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. மனையின் பள்ளமான மூலை தெருச் சாக்கடையின் மட்டத்துக்கும் கீழே போய்விட்டிருக்கும். அங்கே தொட்டியைக் கட்டி, ஓவர்ஃப்ளோ பைப்பைத் தெருவுக்கு விட்டால் ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் அதே பைப் வழியாக உள்ளே வரும். அல்லிக் குளம் என்று கட்டியது என்ன குளமாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஓவர்ஃப்ளோ பைப்பின் அடிமட்டம் தெருவைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்படி முடியாத இடத்தில் அதைத் தெருப்பக்கமே காட்டாமல், வளாகத்துக்குள்ளேயே மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிட வேண்டும்.

வாஸ்துவைப் பற்றியும் கேட்பார்கள். தண்ணீர் ஈசானி மூலையில் இருக்க வேண்டும் என்பார் வாஸ்துக்காரர். நான் அதில் சண்டை போடுவதில்லை. வடகிழக்கில் தொட்டி வைத்தால் காலை வெயில் முழுசாக விழும், மதியத்துக்கு மேல் வீட்டின் நிழல் வந்து மூடிவிடும். அல்லிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் போதும். பங்குனி, சித்திரையில் சாயங்கால வெயில் படாமல் இருப்பது மீனுக்கும் நல்லது. ஆனால் மனையின் வாட்டம், அதாவது தரையின் சரிவு, தென்மேற்காக இருந்து, ஈசானி மேடாக இருந்தால், மழைத்தண்ணீர் மேட்டுக்கு ஏறி வராது. அந்த மாதிரி மனையில் மாடித் தண்ணீரைப் பைப்பில் கொண்டுவந்து ஈசானியில் விழ வைக்கலாம். அதற்கு மாடித் தளத்தின் வாட்டத்தை அந்தப் பக்கமாகக் கொடுக்க வேண்டும். தட்டோடு பதிக்கிற அன்றைக்கே இதைச் சொன்னால் எங்களுக்கு ஒரு சல்லிக்காசு அதிகச் செலவில்லை. முடிந்த பிறகு சொன்னால் மொத்தத் தளத்தையும் உடைக்க வேண்டும்.

மாடித் தண்ணீரை யாரும் மதிப்பதில்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 930 லிட்டர். வழியில் சிந்துவதும் காய்வதும் போக எழுநூறு, எண்ணூறு லிட்டராவது கைக்கு வரும். ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழத் தொட்டி பிடிப்பது ஆயிரம் லிட்டர். அதாவது ஒரே ஒரு நல்ல மழையில் தொட்டி முக்கால்வாசி நிறைந்துவிடும். மதுரைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 85 செ.மீ. மழை. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரெல்லாம் குழி தோண்டினோம். இன்றைக்கு எத்தனை வீட்டில் அந்தக் குழி பேவர் பிளாக்குக்கு அடியில் செத்துக் கிடக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். முற்றத்தில் ஒரு தொட்டி இருந்து, அது நிரம்பி வழிவது குழிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்தால் வீட்டுக்காரர் அந்தக் குழியை மறக்க மாட்டார். முதல் மழைத் தண்ணீரில் புறா எச்சமும் தூசியும் வரும். அதைத் தொட்டிக்கு விடாமல் இருக்க, இறங்கு பைப்பில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு, அடியில் கழற்றி மாட்டுகிற மூடி வைத்தால் போதும். முதல் மழைக்குக் கழற்றி விட்டு, அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.

"தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிற ஊரில் குளம் எதற்கு?" என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இப்போது சொன்ன ஆறுக்கு நாலடித் தொட்டியில் கோடையில் ஒரு நாளைக்கு ஆவியாவது ஏறக்குறைய ஒரு குடம். உங்கள் கட்டுரையில் அருவிக்கு முன்னால் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை போட்டிருந்தீர்களே, அது நானூறு சதுர அடி இருந்தாலும் கோடையில் தினமும் பத்துக் குடத்துக்கு மேல் கேட்கும். தண்ணீரைத் தின்பது குளம் இல்லை, புல். மூன்று சென்ட் வீட்டுக்காரர் புல்தரை கேட்டால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். உயரமாகப் பீய்ச்சி அடிக்கிற நீரூற்றும் அப்படித்தான். ஆடிக் காற்றில் பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டு மாடியில் காய்கிற துணிக்குப் போகும்.

இனி எங்கள் வேலை. சின்னத் தொட்டிதானே என்று செங்கலை மண்மேல் அடுக்கிப் பூசிவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் பக்கம் கரிசல் கலந்த மண் உள்ள இடங்களில் அது கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். ஒரு வருஷத்தில் தொட்டி கீறல் விடும். அடியில் கம்பி கட்டிய கான்கிரீட் கட்டாயம். உள் மூலைகளைக் கூர்மையாக விடாமல் உருட்டிப் பூச வேண்டும், கசிவு ஆரம்பிக்கிற இடமே மூலைதான். பூச்சுக் கலவையில் நீர்க்கசிவுத் தடுப்பு மருந்து சேர்த்து, மேலே சிமென்ட் பால் அடித்து, மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். மறுநாள் வந்து பார்த்தால் வாளியில் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ தொட்டியிலும் அவ்வளவுதான் இறங்கியிருக்க வேண்டும். தொட்டியில் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. "வெயில்ல காயுது சார்" என்று எந்த மேஸ்திரி சொன்னாலும், நானே சொன்னாலும், வாளியைக் காட்டுங்கள்.

கசிவில்லை என்றதும் மீனை விட்டுவிடாதீர்கள். புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும், விட்ட மீன் செத்து மிதக்கும். இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிரப்பி நிரப்பி வெளியேற்ற வேண்டும். வாழைத்தண்டை வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டால் காரம் சீக்கிரம் இறங்கும் என்பது மீன் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். அழுகிய நாற்றம் நாலு நாள் இருக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கொசுவைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நகராட்சி, மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து பூந்தொட்டித் தட்டையும் ஃப்ரிட்ஜ் பின்புறத்தையும் பார்க்கிற காலம் இது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பம்ப் ஓடுகிற வரை பயமில்லை என்பார்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பம்பை நிறுத்திவிட்டுத்தானே போவீர்கள்? நீரூற்றின் அடித்தட்டில் நாலு அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கும். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். குளத்தில் மீன் இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஆனால் கம்பூசியா வாங்காதீர்கள். அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, கொசுவுக்காக இங்கே கொண்டுவந்த மீன் அது. நம் மீன்களின் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்றுவிடும். தொட்டி நிரம்பி வழிந்து கால்வாய் வழியாகக் கண்மாய்க்குப் போனால் அங்கேயும் அதே கதைதான். கண்மாயில் பையன்கள் துணியால் வடித்துப் பிடிக்கிற, தலையில் வெள்ளிப் புள்ளி மினுங்குகிற சின்ன மீன் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரிந்து கொசுப்புழுவைத் தின்னும். பத்து மீன் விட்டால் போதும், அதுவே பெருகிக்கொள்ளும்.

வெங்காயத் தாமரையை யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்காதீர்கள். ஆகாயத் தாமரை இலை அழகுதான், ஆனால் அதன் வேரிலேயே ஒட்டிக்கொண்டு வளர்கிற கொசுப்புழு உண்டு. அல்லியே நல்லது. ஒரு பிளாஸ்டிக் டப்பில் கண்மாய்க் களிமண் போட்டுக் கிழங்கை நட்டு, மேலே இரண்டு விரல் மணல் பரப்பி, மெல்ல இறக்கிவிடுங்கள். எருவும் தென்னைநார்க் கழிவும் போட்டால் மிதந்து தண்ணீரே பச்சையாகிவிடும். தொட்டி வழிந்து ஈரம் நிற்கிற இடத்தில் வல்லாரையும், குழிக்குப் போகிற வாய்க்காலில் வெட்டிவேரும் வைக்கலாம். வெட்டிவேர் மழையில் ஊறினாலும் பிழைக்கும், கோடையில் காய்ந்தாலும் பிழைக்கும். சமையலறைத் தண்ணீர் வேறு கணக்கு. அதைக் குளத்துப் பக்கமே விடாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்கள். மரத்தடியில் மட்டும் குளம் வேண்டாம். வாதாம் மரம் இலை கொட்டினால் வாரத்துக்கொரு முறை அள்ள வேண்டும். காக்காய் எச்சத்தில் வந்து சுவரில் முளைக்கிற அரசங்கன்றை விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்காவிட்டால், அப்புறம் நீங்கள் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

பம்ப் வேண்டும் என்றே அவசியமில்லை. சலசலப்புக் கேட்க ஆசையென்றால் 12 வோல்ட் சின்னப் பம்ப் வைத்து, உட்கார்ந்து பேசுகிற நேரத்துக்கு மட்டும் ஓடவிடுங்கள். 40 வாட் பம்பை இரவும் பகலும் ஓட்டினால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட் போகும். 230 வோல்ட் பம்பைத் தண்ணீரில் இறக்குவதாக இருந்தால் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் ஸ்விட்ச், இல்லாமல் இறக்கக்கூடாது. இதில் சமாதானமே கிடையாது. தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கெட்டியான வெல்டு மெஷ் கம்பிவலை ஒன்றைத் தொட்டி முழுக்கப் பொருத்தச் சொல்லுங்கள். அல்லி அதன் கண்ணுக்குள் புகுந்து மேலே வந்துவிடும், வெளியில் தெரியவும் தெரியாது. ஒன்றரை அடித் தண்ணீர்தானே என்று விட்டுவிடக்கூடாது.

இவ்வளவுக்கும் இடமில்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கிராமத்து வீடுகளில் மாடு போன பிறகு கழனித்தண்ணீர் ஊற்றிய கல்தொட்டிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நாலு பேர் சேர்ந்தால் தூக்கி வந்துவிடலாம். கல்லில் சுண்ணாம்புக் கவலை இல்லை, கசிவுக் கவலை இல்லை. ஒரு சின்ன அல்லியும் நாலு மீனும் தாராளமாக வாழும். அம்மா, பாட்டி காலத்து ஆட்டுக்கல் மாடிப்படிக்குக் கீழே கிடந்தால் எடுத்து வெளியில் வையுங்கள், குழியில் தண்ணீர் ஊற்றினால் மைனாவும் தவிட்டுக்குருவியும் வந்து குளிக்கும். அதில் மீன் விட முடியாது என்பதால் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியர் ஐயா, எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் இணைப்பின் படத்தைக் காட்டித்தான் வீட்டைக் கேட்கிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தோட்டப் படம் போடும்போது பக்கத்தில் சின்னதாக ஒரு தரைப்படமும் போடுங்கள். மாடித் தண்ணீர் எங்கே இறங்குகிறது, தரை எந்தப் பக்கம் வாட்டம், ஓவர்ஃப்ளோ பைப் எங்கே போய் முடிகிறது என்று மூன்று அம்புக்குறி இருந்தால் போதும். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கட்டட மேஸ்திரி ஒருவர்,
மதுரை.